யாரும் மறிக்காத ஆட்டக்காரர்

தராசு கொடுத்த வரிசையில் முதலிடத்தில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, தமயந்தியின் மேலதிகாரி பிரபாகர் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்தால் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

"யாருங்க இந்த சூசைமாணிக்கம்?"

"அரசமங்கலம் மில் டீம் சார். எழுபதுகள்ல ஆடினவர்," என்றாள் தமயந்தி.

"கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"நானும் இல்ல. தமிழ்நாட்டுல இதுவரைக்கும் கூடைப்பந்து ஆடின அத்தனை பேர்லயும் இவர்தான் பெரிய ஆளாம். நம்ம ரெண்டு பேருக்கும் பேரே தெரியல. நம்புறீங்களா?"

தமயந்தி நம்பவில்லை. நம்பாமல் இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

மதுரை ரிங் ரோட்டில் ஓர் அறக்கட்டளை பெரிய உள்ளரங்கம் கட்டிக்கொண்டிருந்தது. திறப்பு விழாவில் எல்லாக் காலத்துச் சிறந்த ஆட்டக்காரர்களும் ஒளியுருவாக இறங்கி, இன்றைய மாநில அணியோடு ஆடப்போகிறார்கள். அந்தச் சிறந்தவர்கள் யார் என்று முடிவு செய்யத்தான் தராசு என்ற இயந்திரம். பழைய படச்சுருள், புகைப்படம், ஸ்கோர் ஷீட் என்று எதைக் கொடுத்தாலும் அது வாங்கிக்கொள்ளும். ஆளின் உடம்பையும் ஓட்டத்தையும் திரும்ப உண்டாக்கும். பிறகு காலத்தைச் சமன் செய்யும். செம்மண் தரையில் கேன்வாஸ் ஷூ போட்டு ஆடியவருக்கு மரத்தரை கொடுக்கும். மதியம் பழையது சாப்பிட்டு வந்தவருக்கு இன்றைய ஆட்டக்காரரின் சாப்பாடு கொடுக்கும். மூன்று பாயிண்ட் கோடு இல்லாத காலத்தில் தொலைவிலிருந்து போட்ட பந்துகளுக்குக் கோட்டை வரைந்து கணக்கைத் திருத்தும். அதன்பின் ஒருவரோடு ஒருவரை ஆடவிட்டுப் பார்க்கும். அந்தக் காலத்து ஆள் பெரிசா, இந்தக் காலத்து ஆள் பெரிசா என்று டீக்கடைகளில் ஓயாமல் நடந்த சண்டைக்கு ஒரு வழியாகத் தீர்ப்பு வந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின.

கொடுப்பதை நம்பும் இயந்திரம் அது. ஆனால் விளையாட்டில் பொய் உண்டு என்பது தமயந்திக்கு நன்றாகத் தெரியும். மாநில அணிக்காக ஆடிய காலத்தில் ஒரு இறுதி ஆட்டத்தைச் சொந்த கேப்டனே விற்றுவிட்டாள். தன் பாஸ் சரியில்லாததால்தான் தோற்றோம் என்று தமயந்தி பல வருஷம் தன்னைத்தானே நொந்துகொண்டிருந்தாள். உண்மை தெரிந்த பிறகு, யாராவது சுலபமான பந்தைத் தவறவிட்டால் அவள் கூடையைப் பார்ப்பதில்லை; ஆளின் முகத்தைத்தான் பார்ப்பாள். முழங்கால் போய் ஆட்டத்தை விட்டவளுக்கு அறக்கட்டளை நேர்மை ஆய்வாளர் வேலை கொடுத்தது அதனால்தான்.

அரசமங்கலத்துப் படங்கள் அந்த மில் முதலாளி எடுத்தவை. மனிதருக்கு சினிமா கேமராப் பைத்தியம். வருஷா வருஷம் மில் மைதானத்தில் நடந்த போட்டிகளை ஒன்று விடாமல் எடுத்து வைத்திருந்தார். தராசு அவற்றைத் துலக்கி, ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அவரை மறிப்பவருக்கும் நடுவே ஒரு சிவப்புக் கோடு இழுத்துக் காட்டியது. மற்றவர்களுக்கு அந்தக் கோடு சுருங்கியது, நீண்டது, சில சமயம் காணாமலே போனது. சூசைமாணிக்கத்துக்கு மட்டும் அது அளந்து வைத்ததுபோல ஒரே நீளத்தில் நின்றது. அவர் வலது பக்கம் போனால் மறிப்பவர் ஒதுங்கினார். இடது பக்கம் போனாலும் ஒதுங்கினார். உயரமான, ஒல்லியான அந்த மனிதர் தொலைவில் நின்று நிதானமாகக் குறி பார்த்துப் பந்தை விட்டார். பெரும்பாலும் விழுந்தது.

"இவரை யாரும் மறிக்கவே இல்லையே," என்றார் பிரபாகர்.

"ஒரு டீம் விலை போகலாம் சார். வந்த டீம் எல்லாமா போகும்?"

"மில் முதலாளிகிட்ட காசு இருந்தது. கப்பு மேல ஆசையும் இருந்தது. சரி, இதைப் பாருங்க."

அடுத்த சுருள் தூத்துக்குடியில் எடுத்தது. துறைமுகத்துக்கு வந்திருந்த ஏதோ ஓர் அயல்நாட்டுக் கப்பலின் மாலுமிகளோடு மில் அணி சும்மா ஒரு ஆட்டம் ஆடியிருக்கிறது. சட்டையில்லாத முரட்டு ஆட்கள். சூசைமாணிக்கத்தின் மேல் விழுந்து விழுந்து மறித்தார்கள். சிவப்புக் கோடே இல்லை. அன்றைக்கு அவர் எடுத்தது மொத்தமே நாலு பாயிண்ட்.

"கப்பல்காரனுக்குக் காசு போகல. உடனே நாலு பாயிண்ட்," என்றார் பிரபாகர். "வேற என்ன வேணும்?"

தமயந்திக்கும் அப்படித்தான் பட்டது. விற்ற ஆட்டம் என்று உறுதியானால் அறக்கட்டளையின் விதி கடுமையானது. பெயரை எல்லாப் பதிவுகளிலிருந்தும் நீக்கி, நீக்கிய காரணத்தையும் வெளியிடுவார்கள்.

"அவர் உயிரோட இருக்கார் சார். பாளையங்கோட்டைல."

"அப்ப போய்க் கேட்டுட்டு வாங்க. கேக்காம நீக்கினாங்கன்னு நாளைக்குப் பேச்சு வரக்கூடாது."

சூசைமாணிக்கத்துக்கு எண்பது தாண்டியிருந்தது. கதவைத் திறக்கும்போது நிலைப்படிக்குக் குனிந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மகள் வேலைக்குப் போயிருந்தாள். சத்தத்தை அணைத்துவிட்டு டி.வி.யில் கபடி பார்த்துக்கொண்டிருந்தவர், மனமில்லாமல் அதையும் நிறுத்தினார்.

"உக்காருங்க. பேப்பர்ல என் பேரு வந்திருக்குன்னு மக சொன்னா. அதுக்கா வந்திய?"

"ஆமாங்கய்யா. சில சந்தேகம் இருக்கு."

"இருக்கும்லா," என்றார். அதை அவர் சொன்ன விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. காத்திருந்த ஆள் மாதிரி சொன்னார்.

மில் அணியில் எப்படிச் சேர்ந்தார், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று சுற்றி வளைத்தாள். எல்லாவற்றுக்கும் ஒரு வரியில் பதில் வந்தது. முதலாளிக்குக் கப்பு வேண்டியிருந்தது. தான் உயரமாக இருந்ததால் மில்லில் வேலை கொடுத்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"படத்தையெல்லாம் பாத்தேங்கய்யா. உங்களை யாரும் கிட்ட வந்து மறிக்கல."

"ஆமா."

"ஏன்?"

அவர் அவள் பக்கம் திரும்பினார். "நெசமாவே தெரியாமத்தான் கேக்கியளா?"

தெரிந்துகொண்டு மழுப்புகிறார் என்று நினைத்தாள். இனிச் சுற்றி வளைப்பதில் பிரயோஜனமில்லை. "பணம் கை மாறியிருக்கலாம்னு எங்களுக்கு ஒரு எண்ணம்."

சூசைமாணிக்கம் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கித் தண்ணீர் குடித்து வருவதற்குள் முகம் மாறிவிட்டிருந்தது.

"மதுரையில சங்கரலிங்கம்னு ஒருத்தன் இருக்கான். மதுரை டீம் வந்தா எப்பவும் என் முன்னால நின்னது அவந்தான். காலேஜ்ல பி.டி. மாஸ்டரா இருந்து ரிடயர் ஆயிட்டான். ஏன் கிட்ட வரலைன்னு அவன்கிட்டக் கேளுங்க. நான் சொன்னா நீங்க நம்பப் போறதில்ல."

"நீங்க இல்லைன்னு சொல்லலியே ஐயா?"

"என்னத்த இல்லைன்னு சொல்ல?" என்று டி.வி.யைத் திரும்பப் போட்டுவிட்டார்.

காரில் ஏறியதும் தமயந்தி குறிப்பைப் பேசிப் பதிவு செய்தாள்: குற்றச்சாட்டை மறுக்கவில்லை.

சங்கரலிங்கத்தின் வீடு கே.கே. நகரில் இருந்தது. கூடம் முழுக்கக் கோப்பைகள். பேத்தி அபிநயா கல்லூரி அணியில் ஆடுகிறவள். தமயந்தியின் பழைய ஆட்டங்களைப் பற்றிக் கேட்டுத் தெரிந்தவள். காபி கொண்டுவந்து வைத்தவள் உள்ளே போகாமல் தாத்தாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"சூசைமாணிக்கத்தைத் தெரியுமாய்யா?"

"தெரியாம? நல்ல ஆட்டக்காரன். கைல பந்து போச்சுன்னா கூடைக்குள்ளதான்."

"அப்படிப்பட்டவரை நீங்க ஏன் மறிக்கல? படத்துல பாத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒதுங்குறீங்க."

கிழவர் காபி டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். "அது அந்தக் காலம்மா. அப்பல்லாம்..." என்று தொடங்கினார். பேத்தியின் பக்கம் பார்வை போனது. அவள் கன்னத்தில் கை வைத்துக் கதை கேட்பது மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"காசு வாங்கினேன்," என்றார் சங்கரலிங்கம்.

"தாத்தா?"

"வாங்கினேம்மா. மில் முதலாளி குடுத்தாரு. கிட்டப் போகாதேன்னு சொன்னாரு, போகல. எழுதிக்கங்க."

"எவ்வளவுங்கய்யா?"

"ஞாபகம் இல்ல."

"யார் கையால குடுத்தாங்க?"

"யாரோ ஆள் வந்தான். எல்லாருக்கும்தான் குடுத்தான். எல்லா மேட்சுக்கும்." குரல் அவசரப்பட்டது. "கையெழுத்து வேணும்னாலும் போடுறேன்."

கையெழுத்தும் போட்டார். அபிநயா எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் அவள் போன கதவைப் பார்த்தார். அந்த முகத்தில் அவமானம் இருக்கும் என்று தமயந்தி எதிர்பார்த்தாள். இருந்தது அவமானம் மாதிரி இல்லை. பெரிய ஆபத்திலிருந்து தப்பிய ஆளின் களைப்பு அது.

வாக்குமூலம் கிடைத்ததில் பிரபாகருக்கு ஏக திருப்தி. அறிக்கையை உடனே முடிக்கச் சொன்னார். தமயந்தியால் முடிக்க முடியவில்லை. ஆட்டத்தை விற்ற அவளுடைய கேப்டன், இருபது வருஷம் கழித்தும் தொகையைப் பைசா சுத்தமாகச் சொன்னாள். அதில் என்ன கம்பெனி ஃபிரிட்ஜ் வாங்கினாள் என்பது வரைக்கும் சொன்னாள். விற்றவர்கள் விலையை மறப்பதில்லை. கேட்டவுடனே ஒப்புக்கொள்வதும் இல்லை. இந்தக் கிழவர் குற்றத்தை ஏதோ போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிற மாதிரி போர்த்திக்கொண்டார். எதை மூடுவதற்கு?

மறுநாள் காலையில் ஆபீசுக்கு வந்ததும் தராசிடம் எல்லாச் சுருள்களையும் திரும்பக் கேட்டாள். எதிரணியைப் பார்த்துப் பார்த்து அலுத்திருந்தது. வேறு என்ன கேட்பது என்று யோசித்தவள், எதிரணியை விட்டுவிட்டு, சூசைமாணிக்கத்துக்கும் அவருடைய சொந்த அணிக்காரர்களுக்கும் நடுவே கோடு போடச் சொன்னாள்.

அதே நீளம்.

அவள் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். மில் அணியில் மற்ற நாலு பேரும் கைக்குக் கை பந்தை மாற்றிக்கொண்டார்கள். அவருக்கு மட்டும் வீசினார்கள், அல்லது தரையில் தட்டி அனுப்பினார்கள். கூடை விழுந்ததும் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டினார்கள். பந்தைப் போட்டவரோ தனியாகத் திரும்பி ஓடினார். ஒரு ஆட்டத்தில் அவர் சறுக்கி விழுந்தார். பக்கத்திலேயே இருவர் நின்றார்கள். அவர் முழங்காலைப் பிடித்து எழுந்திருக்கும் வரை, இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தார்கள். கோப்பையோடு எடுத்த படத்தில் எல்லாரும் தோளில் தோள் போட்டு நின்றார்கள். ஓரத்தில் அவர், இரண்டு கைகளாலும் பந்தைப் பிடித்துக்கொண்டு.

எதிர் அணிக்கு முதலாளி காசு கொடுத்திருக்கலாம். ஜெயிக்க வைக்கிற ஆளைத் தொடாமல் இருக்கச் சொந்த அணிக்கு யார் காசு கொடுத்திருப்பார்கள்?

தமயந்திக்குக் காது மடல் சுட்டது. நெசமாவே தெரியாமத்தான் கேக்கியளா என்று அவர் கேட்டது மழுப்பல் அல்ல. சென்னையில் பிறந்து, கூட ஆடிய எல்லாரையும் கட்டிப்பிடித்து வளர்ந்தவளுக்கு, இது ஒரு சந்தேகமாகக்கூட வரவில்லை. லஞ்சம் என்ற சந்தேகம்தான் உடனே வந்தது.

பிரபாகர் படங்களைக் கடைசிவரை பார்த்தார். பார்த்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப மேட்சை விக்கல."

"இல்ல சார்."

"சரி. நீக்க வேண்டாம். ஆனா ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. யாரும் மறிக்காம போட்ட பந்துதானே அதெல்லாம்? முதலிடத்துல எப்படி வைக்கிறது? சும்மா நின்னு போட்டா யாரும் போடுவாங்கன்னு நாளைக்கு எழுத மாட்டானா?"

"ஷூவுக்குச் சமன் பண்றோம். தரைக்குப் பண்றோம். சோத்துக்குக் கூடப் பண்றோம் சார். இதுக்கு ஏன் பண்ணக்கூடாது?"

"பண்ணலாம். எவ்வளவுன்னு சொல்லுங்க. கூட்டணுமா கழிக்கணுமா, அதைச் சொல்லுங்க. போட்டுடுறேன்."

தமயந்தி தராசிடம் கேட்டுப் பார்த்தாள். மறிக்கப்படாத பந்துகளுக்கு மதிப்பைக் குறைத்தால் சூசைமாணிக்கம் யாருக்கும் தேவையில்லாத இடத்துக்குச் சரிந்தார். ஆள் மறித்தால் எப்படி ஆடுவார் என்று கணிக்க அதற்கு ஒரே ஒரு ஆதாரம்தான் இருந்தது, கப்பல்காரர்களோடு ஆடிய ஆட்டம். அதில் நாலு பாயிண்ட். குற்றவாளி இல்லையென்றால் சாதாரண ஆட்டக்காரர். தராசுக்கு மூன்றாவது வழி தெரியவில்லை.

அந்த நாலு பாயிண்டுக்கு ஏதாவது காரணம் இருக்க வேண்டும். காய்ச்சல், காலில் காயம், எதுவாக இருந்தாலும் சரி. அதைப் பிடித்துக்கொண்டு அவரை மேலே தூக்கிவிடலாம் என்று நம்பித்தான் தமயந்தி மறுபடி பாளையங்கோட்டைக்குப் போனாள்.

இந்த முறை மகள் ரோஸ்லின் வீட்டில் இருந்தாள். "அப்பாவைக் காசு வாங்குனவங்க கூடச் சேத்துப் பேசுனது நீங்கதானா?" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்," என்றாள் தமயந்தி.

"உள்ள விடு பிள்ள," என்று குரல் வந்தது.

அவள் மன்னிப்புக் கேட்டதை அவர் கையை அசைத்து ஒதுக்கினார். "சங்கரலிங்கம் என்ன சொன்னான்?"

"காசு வாங்கினதாச் சொன்னார்."

 "காசு வாங்கினேன்னு சொல்லிட்டானா," என்றார் சூசைமாணிக்கம். "காசு குடுத்தாலும் கிட்ட வந்திருக்க மாட்டாம்மா அவன். மேட்ச் முடிஞ்சா எல்லாரும்தான் குளிப்பான். என்னைத் தொட்டுட்டுக் குளிச்சா அதுக்குப் பேரு வேற. அதுக்கு யோசிச்சே எல்லாவனும் தள்ளி நின்னான். சரி, தள்ளி நிக்கியா, நில்லு, நான் தூரத்துலயே போட்டுட்டுப் போறேன்னு பழகிக்கிட்டேன். வேற என்ன செய்ய?"

"தூத்துக்குடில கப்பல்காரங்களோட ஆடினீங்களே, அன்னிக்கு உடம்பு சரியில்லையா?"

அவர் முகம் முதல் முறையாகத் தெளிந்தது. "அன்னைக்கா? அன்னைக்கு மாதிரி என் உடம்பு என்னைக்கும் இருந்ததில்ல."

"நாலு பாயிண்ட்தான் எடுத்தீங்க."

"அதுவே ரெண்டு கூட." நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆட்டம் தொடங்கினதும் ஒரு செம்பட்டைத் தலையன் வந்து நெஞ்சால மோதினான் பாத்துக்கிடுங்க. எனக்கு ஒண்ணும் புரியல. சண்டைக்கு வாறான்னு நெனச்சேன். திரும்பவும் மோதினான், பல்லைக் காட்டிச் சிரிச்சான். ஆட்டம்னா இதுதான்னு அப்பத்தான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் நான் எங்க கூடையைப் பாத்தேன்? ஆளில்லாத எடமா எத்தனையோ கெடந்தது. வெளிய நின்னு போட்டிருக்கலாம். போடல. அவனுவ கூட்டமா நிக்கிற எடத்துக்கே திரும்பத் திரும்பப் போனேன். முதலாளி கரையில நின்னு ஏசுதாரு, காதுல விழல. விலா எலும்பெல்லாம் ஒரு வாரம் வலிச்சுது. அந்த வலி போயிரக்கூடாதுன்னு இருந்துச்சு."

ரோஸ்லின் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இதை அவளும் முன்பு கேட்டதில்லை என்று தெரிந்தது.

தமயந்தி தன் ஃபோனைப் பையில் வைத்தாள். தராசுக்குப் பிடிக்கிற காரணம் எதுவும் இதில் இல்லை. ஆனாலும் சொன்னாள்: "ஐயா, உங்களை முதலிடத்துலயே வைக்கச் சொல்லி நான் போராடிப் பாக்கறேன். திறப்பு விழாவுல உங்க ஒளியுரு ஆடும். மாநில டீம் பையங்க எதிர்ல நிப்பாங்க. ஊரே பாக்கும்."

"ஒளின்னா? வெளிச்சமா?"

"ஆமா. உங்களை மாதிரியே இருக்கும். அதே உயரம், அதே கை."

"மோதினா?"

"மோத முடியாதுய்யா. குறுக்கே புகுந்து போயிடலாம்."

அவர் அதை மனதுக்குள் பார்க்கிற மாதிரி இருந்தது. "அப்ப வேண்டாம்," என்றார். "எவனும் தொட முடியாத ஆளா இன்னொரு தடவை என்னை நிக்க வைக்காதிய."

தமயந்தி அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினாள். படங்களில் கண்டதை எழுதினாள், யாரும் பணம் வாங்கவில்லை என்று எழுதினாள், சங்கரலிங்கத்தின் வாக்குமூலம் பொய் என்றும் எழுதி அதை நீக்கினாள். அணிகள் தள்ளி நின்றதன் காரணத்தை மழுப்பாமல் அதன் பெயரிலேயே எழுதினாள். பிரபாகர் ஒரு வரியையும் மாற்றவில்லை. வெளியிடவும் இல்லை. சூசைமாணிக்கம் தம் விருப்பத்தின் பேரில் விலகிக்கொண்டார் என்று மட்டும் அறக்கட்டளை அறிவித்தது. விசாரணை வந்ததும் கிழவர் நழுவிவிட்டார் என்று சில பேர் இணையத்தில் எழுதினார்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, தமயந்தி முழு அறிக்கையையும் படச்சுருள்களோடு தன் பெயரிலேயே வெளியிட்டாள். வேலை போகும் என்று தெரியும். போனது.

அதற்கடுத்த வாரம் சங்கரலிங்கம் ஃபோனில் கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது.

"நான் குடுத்த வாக்குமூலத்தை நீக்கிட்டீங்களாமே. பேத்தி படிச்சுட்டா."

"அது பொய்தானேய்யா."

"பொய்தான். எதுக்கு எடுத்தீங்க?"

"செய்யாத குத்தத்தை உங்க மேல எப்படி எழுத முடியும்?"



"அது அப்படியே கெடந்திருந்தா, தாத்தா ஒரு திருட்டுப் பயல்னு நெனச்சிக்கிட்டு அவ பாட்டுக்குப் போயிருப்பா. திருடனை மன்னிச்சிருவாங்கம்மா," என்றார். "நேத்து ராத்திரியிலேருந்து அவ என் பக்கத்துல வந்து உக்கார மாட்டேங்கிறா."